விசில் என் வாயில, உசுரு கோச்சு கையில

ரெஃபரி வேலையில ரெண்டு பக்கமும் பதினோரு பதினோரு பேரு இருப்பான், பக்கத்துக்கு ஒரு கோச்சு இருப்பாரு, நம்ம பக்கம் நம்ம நெழல் மட்டுந்தான், அதுவும் உச்சி வெயில்ல காணாமப் போயிரும்.

இதப் படிக்கிற விசிலூதி அண்ணாச்சிமாரே, தம்பிமாரே, உங்க கஷ்டம் எனக்குத் தெரியும், என் கஷ்டம் உங்களுக்குத் தெரியும். சின்னப் பயலுக ஃபுட்பால்ல பயலுகளால ஒரு தொல்லையும் கெடையாது. பதிமூணு வயசுப் பய கீழ விழுந்தா எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டு ஓடிருவான். அவன் விழுந்ததுக்கு வலிக்கிறது கோட்டுக்கு வெளிய நிக்கிற கோச்சுக்குத்தான்.

எனக்குப் படிப்பு எட்டாப்போட சரி. ராஜபாளையத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல ஃபிட்டர் வேல. மில்லுக்குள்ள மெஷின் சத்தத்துல எவன் பேசுறதும் எவனுக்கும் கேக்காது, எல்லாம் கை ஜாடைதான். டீ வந்துருச்சு, மேஸ்திரி வாராரு, தூங்காத, எல்லாத்துக்கும் ஒரு ஜாடை உண்டு. அந்தக் கைய வச்சுத்தான் ரெஃபரி பரிச்சையே பாஸானேன். கை போதாதுன்னு கடவுள் எனக்கு வாயும் குடுத்துட்டாரு. யாரு பேசுனாலும் அவியள மாதிரியே பேசிக் காட்டுவேன். நல்லதுக்கா குடுத்தாரு? கேளுங்க.

போன வருசம் ஒரு கோச்சு என் மேல எழுதிக் குடுத்துட்டாரு. ஆஃப்சைடே தெரியல, தப்பு தப்பா குடுத்துட்டு சிரிக்க வேற செய்யிறாருன்னு. எங்க ரெஃபரி சங்கத்து செக்ரட்டரி என்னக் கூப்ட்டு விட்டாரு. வீட்டுல தெலுங்கு பேசுற மனுசன், பேச்ச முடிக்கும்போது ‘சாலு’ம்பாரு. போதும்னு அர்த்தம். "இன்னொரு கம்ப்ளைண்ட் வரட்டும் பாண்டி, விசில இந்த மேச மேல வச்சிட்டுப் போயிரணும். சாலு"ன்னாரு.

விசிலு போனா சோறா போயிரும்னு கேப்பிய. வீட்டுல நான் சொன்னா ஃபேனக்கூட யாரும் ஆஃப் பண்ண மாட்டாங்க. மில்லுல மேஸ்திரி சொல்லுறத நான் கேக்கணும். ஞாயித்துக்கெழம அந்த ஒரு மணி நேரந்தான் நான் ஊதுனா இருவத்திரெண்டு பேரு நிக்கான். அது போயிருமோன்னு, இந்த வருசம் பதினாலு வயசுக்குட்பட்ட பயலுக டோர்னமெண்ட் ஆரம்பிச்ச அன்னையிலருந்து எனக்கு வயித்துக்குள்ள ஒரு மெஷின் ஓட ஆரம்பிச்சிருச்சு.

படுத்த பதினோரு பேரு

மொத மேட்ச் ராஜபாளையத்துல. எங்க ஊரு டீமுக்கும் கூமாப்பட்டி டீமுக்கும். கூமாப்பட்டி கோச்சு பட்டாளத்துல அவில்தாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. பேரு கனகவேலு. அந்தப் பேரச் சொல்லிக் கேட்டா கூமாப்பட்டியில வழி சொல்ல மாட்டாங்க, அவில்தாருன்னாத்தான் தெரியும். மீச முன்னாடி வரும், அவரு செத்த நேரம் கழிச்சு வருவாரு.

பத்தாவது நிமிசம் கூமாப்பட்டிப் பய ஒருத்தன் எங்க ஊருப் பயலத் தட்டி விட்டான். ஃபவுலு. எனக்கு இருந்த பதட்டத்துல விசில நீட்டி ஊதிட்டேன். ஊதுன மறு நிமிசம் கூமாப்பட்டிப் பயலுக அம்புட்டுப் பேரும் தரையில குப்புறப் படுத்துட்டான். கோல்கீப்பரு உட்பட. எனக்கு ஒண்ணும் ஓடல. இடி விழுந்துச்சா, பாம்பு வந்துச்சான்னு வானத்தையும் பாக்கேன், பூமியையும் பாக்கேன். அதுக்குள்ள எங்க ஊருப் பய ஃப்ரீ கிக்க டக்குனு பக்கத்துப் பயலுக்குத் தட்ட, அவன் படுத்துக் கெடந்தவனுகளத் தாண்டித் தாண்டி, பந்தக் கூட்டிக்கிட்டுப் போயி கோலுக்குள்ள விட்டுட்டான். லைன்ஸ்மேன் மாரியப்பனப் பாத்தேன். அவன் கொடிய வச்சு மூஞ்சிய மூடிச் சிரிச்சுக்கிட்டு நிக்கான். ரூல்படி கோலுதான. குடுத்துட்டேன்.

அவில்தாரு பரேடுல வாரமாதிரி மைதானத்துக்குள்ள வந்தாரு. போச்சு, ரெண்டாவது கம்ப்ளைண்ட்டுன்னு நெனச்சேன். பொறவுதான் வெவரம் தெரிஞ்சது. பயலுகளுக்கு ஆறு மாசமா விசில்லயே ட்ரில்லு குடுத்து வச்சிருக்காரு. சின்ன விசிலுன்னா ஓடு, ரெண்டு விசிலுன்னா நில்லு, நீள விசிலுன்னா படு. எனக்கு மூணு இஞ்சு தூரத்துல மீசைய வச்சுக்கிட்டு கேட்டாரு:

"லாங் விசிலுன்னா படுக்கணும். ஊதுன நீங்களே ஏன் நிக்கீய?"

கண்ணுக்கு ஒரு ஜெபம்

கத்துற கோச்ச சமாளிச்சிரலாம் அண்ணாச்சி. கத்தாத கோச்சுதான் ஆபத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் டீமுக்கு ஜெபராஜ் சாருன்னு ஒரு பி.டி. மாஸ்டர் கோச்சு. கொரலு சர்ச்சுல ஆராதனைக்கு அப்புறம் அறிவிப்பு வாசிக்கிற மாதிரி இருக்கும். ‘வருகிற புதன்கிழமை மாலை கூடுகை உண்டு’ங்கிற அதே ராகத்துலதான் ‘பாண்டி, அது ஆஃப்சைடு இல்ல’ம்பாரு.

அவரு டீமு மேட்ச்ல ஒரு பந்து கோல் கோட்டு மேல வந்து நின்னுச்சு. பாதி உள்ள, பாதி வெளிய. முழுசாத் தாண்டலையேன்னு கோலு இல்லன்னுட்டேன். இடைவேளையில என் பக்கத்துல வந்தாரு. எங்கம்மா முட்டிவலி எப்படி இருக்குன்னு கேட்டாரு. மில்லுல போனஸ் போட்டாங்களான்னு கேட்டாரு. கேட்டுக்கிட்டே சட்டப் பையிலருந்து பேனாவ எடுத்தாரு. என் மேல எழுதத்தான் போறாருன்னு நெனச்சேன். ஜெபராஜ் சாரு கையெழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கும், அவரு எழுதிக் குடுத்தா யாரும் நம்பாம இருக்க மாட்டாங்க. கடைசியில பாத்தா பயலுக தண்ணி குடிச்சிட்டானுகளான்னு ஒரு தாள்ல அவனுக பேருக்கு நேர டிக்கு அடிச்சாரு. பேனாவ மூடிப் பையில வச்சிட்டு, தோள்ல கையப் போட்டுச் சொன்னாரு:

"போன மேட்சுக்கு அப்புறமே உங்க கண்ணுக்காகக் குடும்பமா ஜெபம் பண்ணுனோம் பாண்டி. இன்னைக்கும் பண்ணுவோம்."

எனக்கு மட்டும் அழிஞ்சது

ஒரு ஞாயித்துக்கெழம கிருஷ்ணன்கோவில்ல மேட்ச் முடிச்சிட்டு பஸ்ஸேறுனேன். மாரியப்பன் ஃபோன்ல, ‘அண்ணே, அவில்தாரு மாதிரி ஒண்ணு பேசி அனுப்புங்கண்ணே, வீட்டுல கேக்கணுங்கா’ன்னு போட்டிருந்தான். நமக்குக் கேக்கணுமா? ஜன்னல் பக்கம் திரும்பி, மீச இருக்கிற மாதிரி ஒதட்ட வச்சுக்கிட்டு ஒரு புடி புடிச்சேன். "ஏலே! பந்து என்ன ஒங்கப்பன் எழுதி வச்ச சொத்தா? கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்க! பாஸ் பண்ணுலே! இந்த மாதிரி நின்னா பார்டர்ல ஒன்ன எப்பவோ சுட்டிருப்பான்லே!" அனுப்பிட்டு சீட்டுல சாஞ்சுக்கிட்டேன். எனக்கே சிரிப்பு அடங்கல.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல பஸ் நின்னப்போ ஃபோன எடுத்துப் பாத்தேன். மாரியப்பனுக்கு அனுப்பல. டோர்னமெண்ட் குரூப்புல விழுந்து கெடக்கு. அந்தக் குரூப்புல ரெஃபரிக இருக்கான், கமிட்டிக்காரவுக இருக்காக, செக்ரட்டரி இருக்காரு, ஜெபராஜ் சாரு இருக்காரு, அவில்தாரும் இருக்காரு. அழிக்கணும்னு அமுக்குனேன். எல்லாருக்கும் அழிக்கவா, எனக்கு மட்டும் அழிக்கவான்னு ரெண்டு கேள்வி கேக்குது. பதட்டத்துல எதையோ அமுக்குனேன், காணாமப் போயிருச்சு. அப்பாடான்னு கண்ண மூடுனேன். அஞ்சு நிமிசத்துல மாரியப்பன் ஃபோன்ல வந்தான்:

"அண்ணே, உங்களுக்கு மட்டுந்தாண்ணே அழிஞ்சிருக்கு. எங்களுக்கெல்லாம் நல்லாக் கேக்குது."

கூமாப்பட்டி கம்முனு இருக்கு

அந்த ஒரு வாரம் நான் பட்ட பாடு உங்க எதிரிக்கும் வரக்கூடாது. என் ஃபோன்ல அது அழிஞ்சு போச்சா, யாரு கேட்டா யாரு கேக்கலன்னு எனக்குப் பாக்கவும் வழியில்ல. குரூப்புல ஆளாளுக்கு சிரிச்ச பொம்மை போடுதாங்க. கமிட்டிக்காரரு கைதட்டுற பொம்மை போட்டாரு. அவில்தாருட்டருந்து ஒண்ணும் இல்ல. ஏசிருந்தாக்கூட மன்னிப்புக் கேட்டுருப்பேன். மில்லுல ஸ்பேனரப் புடிச்சா கை வழுக்குது. பட்டாளத்துல இருந்தவரு, சத்தம் போடாமத்தான் அடிப்பாருன்னு எம் மனசே எனக்குச் சொல்லுது. மன்னிப்புக் கேக்க நாலு தடவ நம்பர அமுக்கி, மணி அடிக்கிறதுக்குள்ள நாலு தடவையும் கட் பண்ணிட்டேன்.

வெள்ளிக்கெழம செமி ஃபைனல் லிஸ்ட்டு வந்துச்சு. கூமாப்பட்டிக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும். ரெஃபரி பாண்டி. எனக்கு அப்பவே காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருந்துச்சு. செக்ரட்டரிக்கு ஃபோன் போட்டு, காய்ச்சல் சார், வேற ஆளப் போடுங்கன்னு இருமிக் காமிச்சேன். காய்ச்சலுக்கு ஏன் இருமுறன்னு அவரு கேக்கல. வேற ஒண்ணு சொன்னாரு:

"அவில்தாரே ஃபோன் பண்ணி, பாண்டிதான் ஊதணும்னு கேட்டு வாங்கிருக்காருப்பா. என்ன செஞ்சு வச்சிருக்க அவரு கிட்ட?"

வாயில இருந்த விசிலு

செமி ஃபைனல் ஸ்ரீவில்லிபுத்தூர்ல. ஜெயிக்கிற டீமுதான் ஃபைனலு, அதுல ஜெயிச்சா விருதுநகருக்குப் போயி ஆடலாம். ரெண்டு டீமுப் பயலுகளும் உசுரக் குடுத்து ஆடுனாங்க. மொத பாதியில கூமாப்பட்டி ஒரு கோலு போட்டிருச்சு. அது சுத்தமான கோலு. அவில்தாரு அன்னைக்கு ஒரு சத்தம் போடல. கையப் பின்னாடி கட்டிக்கிட்டு கோட்டோரமா நின்னு, நான் போற எடமெல்லாம் என்னயே பாக்காரு. நானும் பந்தப் பாக்கதவிட அவரப் பாத்ததுதான் அதிகம்.

கடைசி ரெண்டு நிமிசம். ஜெபராஜ் சாரு டீமுப் பய ஒருத்தன் கோலப் பாத்து ஓங்கி அடிச்சான். கூமாப்பட்டி ஸ்டாப்பரு, கோல்கீப்பருக்கு முன்னாடி தடுக்க நிக்கிற பய, பெனால்ட்டிக் கட்டத்துக்குள்ள கைய நீட்டிக்கிட்டு நின்னான். பந்து கையில பட்டு வெளிய தெறிச்சுச்சு. பெனால்ட்டி. சந்தேகமே இல்ல, எனக்கு எட்டடி தூரத்துல நடந்துச்சு. மாரியப்பன் அந்தப் பக்கம், அவனுக்குப் பயலுக மறச்சிட்டான். விசில எடுத்து வாயில வச்சேன். அவில்தாரு பாக்காரு. இதுக்கு ஊதுனா, கேலி பண்ணுனவன் வேணும்னே கழுத்தறுத்தான்னு எழுதுவாரு. விசிலு போயிரும். மூச்சு நெஞ்சு வரைக்கும் வந்துச்சு அண்ணாச்சி, விசிலுக்குள்ள போகல. ஆட்டம் அப்படியே ஓடிப் போச்சு.

மேட்ச் முடிஞ்சு தோத்த பயலுக அங்கங்க உக்காந்து அழுகுறான். ஜெபராஜ் சாரு மைதானத்துக்குள்ள வந்தாரு. முட்டிவலி கேக்கல, போனஸ் கேக்கல. அதே அறிவிப்புக் கொரலுதான், ஆனா தண்ணி வத்திப் போன மாதிரி இருந்துச்சு:

"விசிலு உங்க வாய் வரைக்கும் வந்துச்சு பாண்டி. நான் பாத்தேன்."

ரிப்போர்ட்டுல காலி எடம்

எங்க டோர்னமெண்ட்டுல ஒரு வழக்கம். மேட்ச் முடிஞ்சதும் ரெஃபரி ரிப்போர்ட்டு எழுதி, ரெண்டு கோச்சும் கையெழுத்துப் போடணும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தா அதுலயே எழுதலாம், அதுக்குத் தனியா ஒரு கட்டம் இருக்கு. ஜெபராஜ் சாரு பேனாவ எடுத்தாரு. அந்தக் கட்டத்தக் கொஞ்ச நேரம் பாத்தாரு. ஒண்ணும் எழுதாம, அச்சடிச்ச மாதிரி கையெழுத்த மட்டும் போட்டுட்டுப் பயலுகளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு.

அப்ப என் விசிலு பொழச்சிருச்சு. கம்ப்ளைண்ட் இல்ல. வயித்துல ஓடுன மெஷினு நிக்கணும்ல? நிக்கல. இன்னும் வேகமா ஓடுது. கட்டம் காலியா என்னப் பாத்துக்கிட்டே கெடக்கு. பொறுக்க முடியாம நானே எழுதுனேன். ‘கடைசியில் கூமாப்பட்டி பையன் கையில் பந்து பட்டது. நான் பார்த்தேன். ஊதவில்லை.’ அடியில எம் பேரு. எட்டாப்புக்கு அப்புறம் நான் தப்பில்லாம எழுதுன மூணு வரி அதுதான்.

அடுத்து அவில்தாரு கையெழுத்துப் போடணும். கண்ணாடிய மாட்டி நிதானமா வாசிச்சாரு. "ஏன் ஊதல?"ன்னாரு. "பயம் சார்"னேன். "யாரப் பாத்து?" "உங்களப் பாத்துத்தான் சார். அந்த வாய்ஸ் மெசேஜி…" மீச லேசா ஆடுச்சு. "அதையா? எங்க வீட்டுக்காரிக்குப் போட்டுக் காட்டுனேன். ‘காலையில பயலுகள ஏசுனீயள்ல, அத யாரு புடிச்சுப் போட்டது’ன்னு கேக்கா"ன்னாரு. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. நான் சிரிக்கப் போறதுக்குள்ள அவரு மொகம் மாறிப் போச்சு. கையெழுத்தப் போட்டுத் தாள என் கையில குடுத்துட்டுச் சொன்னாரு:

"என் பயலுக பூராப் பேரும் படுத்துக் கெடந்தப்பவே கோலு குடுத்த ஆளு நீ. யாருக்கும் பயப்பட மாட்டன்னுதான்லே ஒன்னயக் கேட்டு வாங்குனேன்."

பெனால்ட்டிதானா?

மறுநாள் மில்லுக்கு ரெண்டு மணி நேரம் பெர்மிஷன் போட்டு, பஸ் புடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். ஜெபராஜ் சாரு பயலுகள வட்டமா உக்கார வச்சாரு. நான் யாரு கொரல்லயும் பேசல. என் கொரல்லயே பேசுனேன், அது எனக்குப் பழக்கமே இல்ல. தப்பு எம்மேலதான், பாத்துட்டு ஊதாம விட்டுட்டேன்னு சொன்னேன். ரூல்படி ரிசல்ட்டு மாறாதுன்னும் சொன்னேன். ரெஃபரி மைதானத்துல குடுத்தது குடுத்ததுதான், தப்பாக் குடுத்தாலும். பந்த அடிச்ச பய மட்டும் புல்லப் பிச்சுக்கிட்டே தலையத் தூக்காமக் கேட்டான்:

"அப்ப அது பெனால்ட்டிதான் சார்? நான் எங்க ஆச்சிட்டக்கூட அப்படித்தான் சொன்னேன், நம்பல."

எந்த ஃபைலு?

சங்கத்து ஆபீஸுல செக்ரட்டரி என் ரிப்போர்ட்ட ரெண்டு தடவ வாசிச்சாரு. திருப்பிப் போட்டுப் பின்பக்கமும் பாத்தாரு. நான் அவரு கேக்குறதுக்கு முன்னாடியே விசில எடுத்து மேச மேல வச்சிட்டேன். கயித்தோட வச்சேன். என் கழுத்து லேசாப் போன மாதிரி இல்ல, தல போன மாதிரிதான் இருந்துச்சு.

அவரு விசில எடுத்து ட்ராயருக்குள்ள போட்டாரு. பூட்டல. அத நான் கவனிச்சேன். கீழருந்து ஒரு கொடிய எடுத்து என் முன்னாடி போட்டாரு. இந்த சீசன் பூரா நீ லைன்ஸ்மேன், ஃபைனல்லயும் கோட்டுலதான் நிக்கணும், விசிலப் பத்தி அடுத்த வருசம் பேசுவோம்னாரு. நான் கொடியச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு எந்திரிச்சேன். அவரு அலமாரியத் தெறந்து வச்சுக்கிட்டு, ரிப்போர்ட்டும் கையுமா நின்னுக்கிட்டுக் கேட்டாரு:

"கோச்சு ரெஃபரி மேல எழுதுனதுக்கு ஃபைல் இருக்கு, ரெஃபரி கோச்சு மேல எழுதுனதுக்கும் இருக்கு. அவன் மேல அவனே எழுதுனத நான் எதுலப்பா போட?"

நடு மைதானத்துல நின்னப்போ கோச்சு பேசுறதுல பாதி காத்துல போயிரும் அண்ணாச்சி, இப்ப கோட்டோரமா கொடியோட நிக்கேன், ரெண்டு கோச்சும் காதுக்குள்ளயே நின்னு பேசுதாங்க, ஒரு வார்த்த விடாமக் கேக்குது.